மூன்றிலிருந்து ஆறு வரை

ஓர் ஊரில் என்ன பார்க்கலாம் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கக் கூடாது. தையல் மெஷின் உதிரிபாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு வருஷம் ஊர் ஊராக அலைந்ததில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஒரு வெளியூர்க்காரன் பார்த்துவிட்டு வந்து சொன்னதை இன்னொரு வெளியூர்க்காரனுக்குச் சொல்வார்கள். அதையும் சும்மா சொல்வதில்லை. "அதைப் பார்க்காம போனீங்கன்னா வந்ததே தண்டம்" என்று அடித்துச் சொல்வார்கள்.

நான் தங்கும் லாட்ஜின் அக்கா இதில் கைதேர்ந்தவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் எட்டே அறைகள் உள்ள லாட்ஜ். கடலோர ஊர் அது. அக்காவோ மழையையே அண்ணாந்து பார்த்துப் பிழைக்கும் உள்நாட்டுக்காரி. போட் என்ஜின் மெக்கானிக் ஒருவரை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அந்த வரவேற்பு மேஜைக்குப் பின்னால்தான் இருக்கிறாள். எழுந்து போனால் சாவி கொடுக்க ஆள் கிடையாது. கடலையே மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுதான் பார்ப்பாள்.

ஆனால் ஊரில் அவளுக்குத் தெரியாத இடம் இல்லை. வெளியே சுற்றிவிட்டு வருகிறவன் சாவியை வாங்கும்போது பிடித்துக்கொள்வாள். "போனீங்களா? எப்படி இருந்துச்சு? எத்தனை மணிக்குப் போனீங்க? நடந்தா எவ்வளவு நேரம்? நிழல் இருக்கா?" சொல்லாமல் சாவி வாங்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு நீளநோட்டில் எழுதிக்கொள்வாள். அடுத்து வருகிறவனுக்குக் கார்பன் தாள் வைத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். எந்த இடம், எந்த வழி, எத்தனை மணி, எங்கே டீ நன்றாக இருக்கும் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டுக்காகவே மறுபடி வந்து தங்குகிறவர்கள் உண்டு.

நான் சொல்ல வரும் சம்பவத்துக்கு ஒன்பது நாளுக்கு முன்னால் மணல்திட்டுக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தின் கல்சுவரைத் தாண்டிப் போனால் கடலுக்குள் அரை மைலுக்கு ஒரு மணல்பாதை ஓடும். அதன் முனையில் மேடாக ஒரு திட்டு. சுற்றிலும் கடல், நடுவில் நாம் மட்டும். மூன்று மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பினேன். கால் நனையவில்லை. வந்து சாவி வாங்கும்போது அக்காவிடம் அளந்துவிட்டேன். "அக்கா, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு இடம் பார்த்ததில்லை. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் பாதையில சொட்டுத் தண்ணி கிடையாது." அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையின் லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அடுத்த சுற்றில் நான் மறுபடி அந்த ஊரில் போயிறங்கிய அன்று சாயங்காலம் அக்காவின் அண்ணன் மனைவியோடு வந்து இறங்கியிருந்தார். அக்காவின் கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நிமிர்ந்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஓர் அங்குலம்கூட யாருக்கும் கூட்டியோ குறைத்தோ அளக்காத மனுஷன் என்று பெயர் வாங்கியவர். அக்காவே சொல்லியிருக்கிறாள். "எங்க அண்ணன் கோபக்காரர், பிடிவாதக்காரர், எல்லாம் சரி. பொய் மட்டும் அவர் வாயில வராது."

அந்த வார்த்தைதான் அந்த வீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் அம்மா இறந்துபோனாள். அக்காவுக்குத் தெரிந்தது ஒன்பதாம் நாள், வேறு யாரோ மூலமாக. அண்ணனுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அவர் சொன்னார்: "அன்னைக்கே லாட்ஜுக்குப் போன் பண்ணினேன். உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். சொல்லிட்டேன். அவர் உன்கிட்ட சொல்லலைன்னா நான் என்ன பண்றது?"

மெக்கானிக் இல்லவே இல்லை என்றார். "எனக்குப் போன் வரலை. வந்திருந்தா உன்னைத் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?" அக்கா நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. படுக்கையை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தண்ணீர் மோட்டார், கேஸ் சிலிண்டர், ஆறாம் நம்பர் அறைக் குழாய் இதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு கிடையாது. சண்டை போட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். பார்க்கச் சகிக்காது.

மறுநாள் காலையில் பலகாரம் சாப்பிடும்போது அண்ணனும் அண்ணியும் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். மெக்கானிக் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றுகொண்டே டீ குடித்தார். அழுக்குத்துணி எடுக்க வந்த சலவைக்காரர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் எதைப் பேசுவதென்று தெரியவில்லை. பேசவேண்டியது ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. எனவே எல்லோரும் ஊரைப் பற்றிப் பேசினார்கள்.

"சார், லைட்ஹவுஸ் பாக்காம போகக்கூடாது" என்றார் சலவைக்காரர். "நூத்தி நாப்பத்தாறு படி. மேல நின்னா பாதி உலகம் தெரியும்."

"நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று அண்ணி கேட்டாள். குண்டான, கூர்மையான அம்மாள்.

"எனக்கு முட்டிவலிம்மா."

"முட்டிவலி எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நேரம் இல்லை."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நூத்தி நாப்பத்தாறு படின்னா, ஒரு படி ஏழு அங்குலம் வெச்சா எண்பத்தஞ்சு அடி. பாதி உலகம் தெரியாது. பதினோரு மைல் தெரியும்."

"பதினோரு மைல் போதாதா சார்? எனக்கு இந்தத் தெருமுனை தெரிஞ்சாலே போதும்" என்றார் சலவைக்காரர்.

மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மச்சான், விடியக்காலம் ஏலக்கூடத்துக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். மீன் வந்து இறங்கறதைப் பாக்கணும். அதான் இந்த ஊரு. மத்ததெல்லாம் சும்மா."

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பாக்கலாம்" என்றார்.

"மீன் நாத்தத்துல கொண்டுபோய் நிறுத்தவா இவ்வளவு தூரம் வந்திருக்காங்க?" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணி, நான் சொல்றேன் கேளுங்க. மணல்திட்டு. கடல் நடுவுல நடந்து போகலாம். இதோ இந்த சார் போயிட்டு வந்தார். கேளுங்க அவரை."

கேட்டார்கள். நானும் சொன்னேன். சொன்னேன் என்ன, பிரசங்கமே பண்ணினேன். மெக்கானிக் அதற்குள் டீ டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய் சைக்கிளை எடுத்துவிட்டார். இருந்து கேட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேஜை முன்னால் நின்றார். "இங்க பாரும்மா, நான் ஊரு பாக்க வரலை. ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்."

"முதல்ல போயிட்டு வாங்கண்ணா. பேச்சு எங்க ஓடிப்போகுது?"

"இல்லை, இப்பவே…"

"வெயில் தாழப் போனீங்கன்னா சூரியன் விழறதைப் பார்த்துட்டு வரலாம். அண்ணி, ரொட்டியும் முட்டையும் கட்டித் தர்றேன்." சொல்லிக்கொண்டே சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். பேனாவை எவ்வளவு அழுத்தினாள் என்றால் கார்பனைத் தாண்டி மூன்றாவது தாளிலும் பதிந்தது.

அவர்கள் அறைக்குப் போனதும் நான் கேட்டேன். "ஏன்க்கா, பாவம், என்னமோ சொல்ல வர்றாரே?"

"என்ன சொல்வார்? போன் பண்ணினேன், அவன் மறைச்சுட்டான்னு மறுபடி சொல்வார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது போன்ல வந்தப்பவே நாலு வருஷம் போச்சு. நேருக்கு நேரா, எங்க வீட்டுக்காரரையும் வெச்சுக்கிட்டு சொல்லிட்டார்னா, அப்புறம் நான் இந்த வீட்டுல எந்த முகத்தோட இருக்கறது சொல்லுங்க? சொல்லாம ஊருக்குப் போயிட்டார்னா அதுவே எனக்குப் போதும்."

எனக்குத் தையல்காரத் தெருவில் ஐந்து கடை பார்க்க வேண்டியிருந்தது. போய்விட்டேன். திரும்பியபோது மணி இரண்டரை இருக்கும். வெயில் தெருவில் நாயைக்கூட நிற்கவிடவில்லை. அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனை மேஜையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"கிளம்பிட்டாங்களா?"

"அப்பவே. அண்ணி மெதுவா நடப்பாங்களாம், அதனால பன்னிரண்டரைக்கே கிளம்பிட்டாங்க. கல்சுவர் நிழல்ல உக்காந்து சாப்பிட்டுட்டு நேரம் பாத்துப் போவாங்க."

மெக்கானிக் சாப்பிட வந்தார். அன்று துறைமுகத்தில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை என்று பொதுவாகச் சொன்னார். கையைத் துடைக்கத் துண்டு எடுக்கும்போது மேஜையில் கிடந்த சீட்டுப் புத்தகம் கண்ணில் பட்டது. கார்பன் நகலைக் குனிந்து படித்தார்.

"இது யாருக்கு எழுதினது?"

"அண்ணனுக்கு."

"எந்த நாளைக்கு?"

"இன்னைக்குத்தான். போயிருக்காங்க."

அவர் துண்டைக் கீழே போட்டார். "மூணுலேர்ந்து ஆறா? யார் சொன்னது உனக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இவர்தான் போயிட்டு வந்தார். ஒன்பது நாள் முன்னாடி."

"ஒன்பது நாள்!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தினமும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும்யா தண்ணி. ஒன்பது நாள்ல எல்லாம் தலைகீழா மாறிடும். இன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கு வத்திக் கிடந்தது. இப்ப ஏறிட்டு இருக்கு. ஆறு மணிக்கு அந்தத் திட்டு மேல ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்கும்."

அந்த ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை என்பதால் யாரும் அக்காவுக்குச் சொல்லவில்லை. அவள் பஸ் நேரம் எழுதுவதுபோல் கடலுக்கும் நேரம் எழுதிவிட்டாள்.

அக்கா போனை எடுத்து அண்ணன் நம்பரைப் போட்டாள். மேஜை மேலேயே அது அடித்தது.

"மூணு மணிக்குத்தானே போகச் சொன்னேன். இன்னும் மூணு ஆகலையே. சுவர்கிட்டதானே உக்காந்திருப்பாங்க? தண்ணியைப் பார்த்தா போக மாட்டாங்க இல்ல?" அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு மணிக்கு அங்க போயிருந்தாங்கன்னா பாதை காஞ்சு கிடந்திருக்கும். காஞ்ச பாதையைப் பார்த்துட்டு எவன் உக்காந்திருப்பான்?" மெக்கானிக் செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக லாட்ஜைப் பூட்டாமல் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். தெருமுனையில் சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆச்சு?" என்றார். நான் மூச்சு வாங்க நாலு வார்த்தையில் சொன்னேன். அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணன் மேல அந்தம்மாவுக்குப் பழைய கோபம் ஒண்ணு உண்டே. தெரிஞ்சேதான்…"

முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெக்கானிக் நின்று திரும்பினார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார். "உனக்குத் தெரியாதுதானே?"

"தெரியாது" என்றாள் அக்கா.

"அவ தெரியாதுன்னா தெரியாது" என்று சலவைக்காரரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். கேட்டது, சொன்னது, நம்பியது எல்லாம் மூன்று மூச்சுக்குள் முடிந்துவிட்டது. அக்கா ஓர் அடி பின்தங்கினாள். கால் இடறியதோ என்று பார்த்தேன். இடறவில்லை. நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கல்சுவர் நிழலில் யாரும் இல்லை. ரொட்டி சுற்றியிருந்த தாள் மட்டும் ஒரு கல்லுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் குப்பை போடாதவர். ஒன்பது நாள் முன்னால் நான் நடந்த பாதை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு ஓடியது. தூரத்தில் திட்டு ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது. கோட்டின் மேல் இரண்டு புள்ளிகள்.

"நீந்திப் போக முடியாதா?" என்று மடத்தனமாகக் கேட்டேன்.

"இந்த இழுப்புல மீன்தான் போகும்."

துறைமுகத்தில் போட்டுகள் கடலுக்குள் போயிருந்தன, இல்லாவிட்டால் கரையேறிக் கிடந்தன. தண்ணீரில் மிதந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் என்ஜினைத்தான் காலையிலிருந்து மெக்கானிக் பிரித்துப் போட்டுத் துடைத்து மாட்டியிருந்தார். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார், இருமலும் இல்லை. ஆறாவது இழுப்பில் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து போட்டின் விளிம்பைப் பற்றினாள்.

"நீ எதுக்கு? உனக்கு நீச்சலும் தெரியாது."

"அண்ணி பயந்திருப்பாங்க. நான் வர்றேன்."

அவர் கை கொடுத்து ஏற்றினார். என் கையில் ஒரு டின்னைக் கொடுத்தார். "சார், உள்ள வர்ற தண்ணியை இறைச்சிக்கிட்டே இருங்க." எனக்கு அன்று யாராவது வேலை கொடுத்தது பெரிய உபகாரமாக இருந்தது. இறைத்தேன். இறைத்துக்கொண்டே எல்லாத் தெய்வத்துக்கும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன். நாம் பீற்றிக்கொண்ட ஒரு வார்த்தைக்கு இரண்டு உயிரா?

கிட்டப் போகப் போகத் திட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. நாங்கள் சேர்ந்தபோது மணல் என்று ஒன்று இல்லை. அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றார்கள். அண்ணி பையைத் தலையில் வைத்திருந்தாள். அண்ணன் தன் குடையை மணலில் ஊன்றியிருந்தார்.

"கால் மணிக்கு நாலு அங்குலம் ஏறுது" என்று அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். அந்த நிலைமையிலும் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

அக்கா ஒரு நொடி சுற்றிலும் பார்த்தாள். "இதானா?" என்றாள். எத்தனையோ பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த பெண் கேட்ட கேள்வி.

மணலில் தட்டி என்ஜினின் விசிறி உடைந்துவிடக்கூடாது என்று மெக்கானிக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தி அணைத்தார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். ஓர் அலை அவரை முழுசாக மூடியது. எழுந்து நடந்தார். "அவளை முதல்ல" என்றார் அண்ணன். அண்ணியின் கனத்துக்கு மெக்கானிக் எப்படித்தான் தூக்கினாரோ, தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நானும் அக்காவும் இழுத்துப்போட்டோம். அண்ணன் அடுத்து வந்தார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. குடை அங்கேயே நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து போய்விட்டது.

அப்பாடா என்று நான் உட்கார்ந்தேன். மெக்கானிக் கயிற்றை இழுத்தார். என்ஜின் பிடிக்கவில்லை.

எத்தனை தடவை இழுத்தார் என்று எண்ணவில்லை. அண்ணன் எண்ணியிருப்பார். தண்ணீரின் இழுப்பு எங்களைக் கல்சுவரின் வெளிமுனைக்குக் கொண்டு போனது. அங்கே பாறைகளில் தண்ணீர் மோதி வெள்ளையாக எழும்புவது தெரிந்தது. மெக்கானிக் மூடியைக் கழற்றினார். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கிரீஸோடு சேர்ந்து வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நகர்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தார்.

"மாப்ள, நான் உங்களுக்குப் போன் பண்ணலை."

"தெரியும் மச்சான்" என்றார் மெக்கானிக், வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்வியபடி. "கையை எடுங்க. கயிறு இழுக்கணும்."

"எங்கம்மா செத்தப்ப நான் யாருக்குமே…"

"எனக்குத் தெரியாதா? எனக்கு வராத போன் எனக்குத் தெரியாதா? அதை அவகிட்ட சொல்லுங்க. இப்ப நகருங்க, பாறை வருது."

அக்கா அண்ணியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "என்ன சொன்னே?" என்றாள். அண்ணனை ஒருமையில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நான் போன் பண்ணலைம்மா. நீ வந்துடுவியேன்னுதான் பண்ணலை. அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி நீ வந்து நின்னா நான் எந்தப் பக்கம் நிக்கறதுன்னு எனக்குத் தெரியலை. அப்புறம் நீ அழுதுக்கிட்டுக் கேட்டப்ப… வாயில வந்துடுச்சு. ஒரு தடவை வந்ததைத் திருப்பி எடுக்கத் தெரியலை."

"நாலு வருஷமா நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றாள் அண்ணி, பல் கிட்டிக்க. "நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்லை நான் போய்ச் சொல்லட்டுமான்னு கேட்டுத்தான் பஸ் ஏத்தினேன். காலையில ரெண்டு தடவை வாயைத் திறந்தார். நீ திட்டைப் பாரு, கடலைப் பாருன்னு விரட்டிட்டே."

என்ஜின் பிடித்தது. பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு போட் நீளம்தான் இருந்திருக்கும். மெக்கானிக் முழு வேகத்தில் திருப்பினார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். கரை வரும்வரை அக்கா யாரையும் பார்க்காமல் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரையில் சலவைக்காரர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் வெளுத்த போர்வைகள். வாயால் செய்ததைக் கையால் சரிக்கட்டப் பார்த்தார், பாவம். அண்ணனையும் அண்ணியையும் போர்த்தி, மேட்டில் உட்காரவைத்து, டீ வாங்க ஆள் அனுப்பினார்கள். அண்ணன் டீயை வாங்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் போகவில்லை.

மெக்கானிக் தண்ணீரில் நின்று போட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அங்கே போனாள். நான் டின்னோடு போட்டுக்குள்ளேயே இருந்தேன். எழுந்து போகவும் தெரியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நாலு வருஷம்" என்றாள். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. அன்னைக்கே சொன்னேன். வரலைன்னு."

"அதுக்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லலையே? இன்னொரு தடவை சொல்லியிருந்தா…"

"இன்னொரு தடவை எதுக்குச் சொல்லணும்?" அவர் முடிச்சை இறுக்கினார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இன்னைக்கு நீ எத்தனை தடவை சொன்னே? தெரியாதுன்னு ஒரு தடவைதானே சொன்னே?"

அக்கா நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு தண்ணீரும் மணலுமாகக் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத அழுகை அம்மாவுக்காக அன்று அழுது தீர்க்காததும் சேர்த்துத்தான். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெட்கமில்லாமல் அழுதேன்.

மெக்கானிக் பதறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முழங்கை வரை கிரீஸும் ரத்தமும்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போலாம். எழுந்திரும்மா."

அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், விடு. துணியெல்லாம் கிரீஸ் ஆயிடும்."

"ஆகட்டும்" என்றாள்.